புதுக்கணக்கில் ஒரு புதுப் பக்கம்



சித்திரை முதல் நாள் கடை வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, மாவிலை கட்டுகிறோம். புதுக் கணக்கு நோட்டின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவுகிறோம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு ‘லாபம்’ என்று எழுதுகிறோம். இன்று பலருடைய கணக்கு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்த நாளில் பெயருக்கு ஒரு நோட்டாவது வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைக்காத வணிகர் நம்மில் குறைவு.

அதற்கு முன்பே மார்ச் கடைசியில் இருப்பு எடுத்து முடித்திருப்போம். மூட்டைகளை இறக்கி எண்ணுவோம். வண்டு விழுந்த பருப்பைத் தனியே ஒதுக்குவோம். தேதி முடிந்த பாக்கெட்டுகளைக் கம்பெனிக்காரரிடம் திருப்பிக் கொடுக்க எடுத்து வைப்போம். வராத கடனை வராது என்று எழுதி முடிப்போம். இருப்பு எடுக்காமல் புதுக்கணக்குப் போடுகிறவரை நாம் வியாபாரி என்றே சொல்ல மாட்டோம்.

ஆனால் நம் இருப்புப் பட்டியலில் எந்த வருடமும் ஏறாத இரண்டு உண்டு. ஒன்று, கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பு. மற்றொன்று, அவருடைய மனமகிழ்ச்சி. இவ்விரண்டையும் கணக்கில் ஏற்றுவது எப்படி என்பதே இம்மாதப் பாடம்.

எனக்குக் கிடைத்த பாடம்

நான் மளிகைக் கடைக்காரன். அப்பாவுக்குப் பிறகு 1991 முதல் கல்லாவில் இருக்கிறேன். 2013 மார்ச் கடைசியில் ஓர் இரவு, இருப்பு எடுத்துவிட்டுப் பரண் ஏணியிலிருந்து இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்தது சர்க்கரை மூட்டைமேல் என்பதால் எலும்பு தப்பியது. மறுநாள் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 268 என்று வந்தது. மூட்டையைத் தட்டிப் பார்த்தே பருப்பில் வண்டு விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறவன் நான். என் உடம்புக்குள் எத்தனை வருடமாக வண்டு விழுந்திருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை.

மருத்துவர் கேட்டார்: “மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?”

“கூட்டம் குறைந்ததும் சாப்பிடுவேன் டாக்டர்.”

“கூட்டம் எப்போது குறையும்?”

யோசித்துப் பார்த்தேன். சில நாள் மூன்று மணி, சில நாள் நாலரை மணி. சில நாள் குறையவே குறையாது. அன்றைக்கு இரண்டு வடையும் ஒரு டீயும்தான் சாப்பாடு.

அன்று மாலை வீட்டில் என் மனைவி வேறொரு கேள்வி கேட்டாள். “உளுந்து எத்தனை மூட்டை இருக்கு, எந்த மூலையில இருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவீங்க. நம்ம பொண்ணு பிளஸ் ஒன்ல எந்த குரூப் படிக்குதுன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடப் பணம் கட்டியது நான்தான். ரசீதுகூடக் கல்லாவில் இருந்தது. 268 என்று கேட்டபோது பயம் வந்தது. இதைக் கேட்டபோது வெட்கம் வந்தது. பயம் ஒரு வாரத்தில் போய்விட்டது. என்னை மாற்றியது அந்த வெட்கம்தான்.

பாடம் 1: முதலில் இருப்பு எடுங்கள்

எது எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் கொள்முதல் செய்ய முடியாது. உடம்புக்கும் அதே முறைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் அது கணக்கிட்டது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே புது வருடத்தில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது இடுப்புச் சுற்றளவு. அளவு நாடாவைத் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். வயிற்றை எக்காமல் பார்க்க வேண்டும்; தராசில் விரலை வைத்து எடை போடுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் மோசம். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போனால் எச்சரிக்கை.

இரண்டாவது இரத்த அழுத்தம். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மூன்றாவது வெறும் வயிற்றுச் சர்க்கரை. 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை வாசற்படி. 126 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடி சோதித்து உறுதி செய்துகொண்டு சிகிச்சை தொடங்க வேண்டும்.

பின்னிரண்டையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். பணம் இல்லை என்ற சாக்கு இங்கே செல்லாது. ‘நேரம் இல்லை’ என்போம். கடைக்கு எடை முத்திரை போட அதிகாரி வருகிறார் என்றால் நேரம் ஒதுக்குகிறோமே!

பாடம் 2: ஒழுகும் மூட்டையைக் கண்டுபிடியுங்கள்

மூட்டையில் சிறு பொத்தல் இருந்தால் ஒரே நாளில் நஷ்டம் தெரியாது. மாதக் கடைசியில் எடை குறையும்போதுதான் தெரியும். நம் தொழிலில் உடம்பு ஒழுகும் இடங்கள் நான்கு.

டீ. ஒரு கிளாஸ் டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். கம்பெனி ஆள் வந்தால் ஒன்று, லாரி டிரைவர் வந்தால் ஒன்று, தரகர் வந்தால் ஒன்று என்று நாளொன்றுக்கு ஏழு டீ ஆகிவிடும். நாளைக்கு 70 கிராம் வீதம் வருடத்துக்கு இருபத்தைந்தரை கிலோ. 50 கிலோ மூட்டையில் பாதிக்கு மேல். அரை மூட்டைச் சர்க்கரையை ஒரே ஆள் டீயிலேயே கரைத்துக் குடித்திருக்கிறார். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்குச் சொல்லும் உச்ச வரம்பு எல்லா இனிப்பும் சேர்த்து ஏறத்தாழ 50 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது. டீயை விட வேண்டாம். ஏழை மூன்றாக்குங்கள், சர்க்கரையைப் பாதியாக்குங்கள். அரை மூட்டை ஆறு கிலோவுக்குள் வந்துவிடும்.

உப்பு. அதே நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். இதில் ஊறுகாய், அப்பளம், மிக்சர், கருவாடு எல்லாம் அடக்கம். எந்த வீட்டுக்கு மாதம் எத்தனை பாக்கெட் உப்புப் போகிறது என்பது நமக்குத் தெரியும். நம் வீட்டுக்கு எத்தனை போகிறது என்பதையும் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்.

பாக்கு. கல்லாவில் உட்கார்ந்தபடி பாக்கை வாயில் அடக்கிக்கொள்வது நம்மில் பலருக்குப் பழக்கம். புகையிலை சேர்த்தால்தான் கெடுதல், வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது என்று நானும் நம்பியிருந்தேன். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை சேராத பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் 2004-இல் சேர்த்தது. வாய் முழுதாகத் திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது, வெள்ளைத் திட்டு இருக்கிறது என்றால் உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரவுச் சாப்பாடு. பத்தரைக்குக் கடை சாத்தி, பதினொன்றுக்குச் சாப்பிட்டு, பதினொன்றரைக்குப் படுத்து, மார்க்கெட்டுக்குப் போக நாலரைக்கு எழுந்திருக்கிறோம். தூக்கம் ஐந்து மணி நேரம். வளர்ந்தவருக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கடைக்கே வரவழைத்துச் சாப்பிடுங்கள். வீட்டுக்குப் போனதும் படுத்துவிடலாம். கால் மணி நேரம் கல்லாவை நம்பிக்கையான ஆளிடம் கொடுத்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இன்னொன்று. ‘நாள் முழுக்க நிற்கிறேனே, எனக்கு எதற்குத் தனியாக நடை?’ என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. நிற்பது நடையாகாது. நின்றுகொண்டே இருந்தால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று வேகமாக நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. (மாத்திரை, ஊசி எடுத்துக்கொள்பவர்கள் சாப்பாட்டு நேரத்தையும் அளவையும் மாற்றும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

பாடம் 3: மகிழ்ச்சி மிச்சத்தில் வருவதல்ல

இதுதான் முக்கியமான பாடம். நாம் எல்லோரும் மகிழ்ச்சியைக் கடைசி வரியில் எழுதிக்கொண்டிருக்கிறோம். மண்டிக் கடன் அடைந்ததும் நிம்மதியாக இருப்போம் என்போம். கடன் அடைந்ததும், கடைக்குச் சொந்த இடம் வாங்கட்டும் என்போம். இடம் வாங்கியதும், பெண் கல்யாணம் முடியட்டும் என்போம். இதற்குள் முழங்கால் தேய்ந்துவிடும். பிள்ளைகள் வளர்ந்து வேற்றூர் போயிருப்பார்கள்.

கடை வாடகையை நாம் எப்படிக் கொடுக்கிறோம்? லாபம் வந்தால் கொடுப்போம் என்று சொல்வதில்லை. வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் தேதி வந்ததும் எடுத்து வைக்கிறோம். மகிழ்ச்சிக்கும் அப்படி ஒரு தேதி, ஒரு நேரம் வேண்டும். மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்றால் மிச்சம் வராது.

மகிழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது என்றால், கவலை இல்லாதவர்போல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அல்ல. செக் திரும்பி வரும். மிளகாய் விலை சரியும். பக்கத்துத் தெருவில் பெரிய கடை திறப்பார்கள். அந்தக் கவலைகள் இருக்கும்போதே, இன்றைய நாளில் ஒரு மணி நேரம் இதற்கு என்று முடிவு செய்வதுதான் தேர்ந்தெடுப்பது.

நான் செய்தது மூன்றே மூன்று. பெரிய காரியம் எதுவும் இல்லை.

ஒன்று, மதியம் ஒன்றரை முதல் இரண்டரை வரை கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தேன். முதல் நாள் போனபோது மனைவிக்கு ஆச்சரியம். சாப்பாட்டுக்கு ஆள் இருப்பதால் குழம்பை மறுபடி சூடாக்கினாள். கோடை விடுமுறையில் மகளும் உடன் உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. துவரம் பருப்பு விலையைப் பற்றிப் பேசினேன். ஒரு வாரம் கழித்துத்தான் அவள் படிப்பைப் பற்றிப் பேச வாய் வந்தது.

இரண்டு, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை இல்லை. அதுவரை மே 5 வணிகர் தினத்தைத் தவிர நான் தானாகக் கடை சாத்தியது சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும்தான்.

மூன்று, காலை ஐந்தரைக்கு நடை. துணைக்கு எதிர்க்கடை அண்ணாச்சி. சர்க்கரையில் கிலோவுக்கு ஐம்பது காசு குறைத்து ஒருவரை ஒருவர் பத்து வருடம் பழிவாங்கிக்கொண்டவர்கள் நாங்கள். அவருக்கும் சர்க்கரை நோய் என்று மருந்துக் கடையில் நிற்கும்போதுதான் எனக்குத் தெரியும். “தனியா நடந்தா நாய் விரட்டுது தம்பி, சேர்ந்து போவோமா?” என்றார். போனோம். இன்றும் போகிறோம். விலைப் போட்டி இப்போதும் உண்டு. ஆனால் அது ஆறு மணிக்குப் பிறகுதான்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் 1938-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். கல்லூரி மாணவர்களையும் பாஸ்டன் நகரத்து ஏழை வீட்டுப் பையன்களையும் சேர்த்து, அவர்கள் வாழ்நாள் முழுவதும் 80 ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து விசாரித்தார்கள். முதுமையில் உடல் நலத்தோடும் மன நிறைவோடும் இருந்தவர்கள் யார் என்று பார்த்தபோது, பணத்தையும் புகழையும்விட மனிதர்களோடு நல்ல உறவு வைத்திருந்ததே பெரிய காரணம் என்று கண்டார்கள். நம் கடைக்கு ஒரு நாளைக்கு இருநூறு பேர் வருகிறார்கள். பில் தொகையைத் தவிர வேறு பேச்சு எத்தனை பேரோடு பேசுகிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பாடம் 4: பழக்கத்தைக் கடை வேலையோடு கட்டுங்கள்

புது வருடத்தில் பத்துத் தீர்மானம் எடுப்போம். பத்தும் பதினைந்து நாளில் காணாமல் போய்விடும். காரணம், எல்லாப் புதுச் சரக்கையும் ஒரே நாளில் கொள்முதல் செய்வதுதான். ஒன்றை வாங்கி, அது நகர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை வாங்க வேண்டும்.

தினமும் தவறாமல் செய்யும் வேலையோடு புதுப் பழக்கத்தைச் சேர்த்துக் கட்டுங்கள். கடை திறந்து ஊதுபத்தி ஏற்றியதும் ஒரு சொம்பு தண்ணீர். மதியம் சிட்டையைக் கூட்டி முடித்ததும் சாப்பாடு. மாலை விளக்கு ஏற்றியதும் ஐந்து நிமிடம் வெளியே வந்து கை கால் நீட்டி நிற்பது. வேலை நினைவூட்டும், பழக்கம் தானாக வரும்.

எத்தனை நாளில் பழக்கமாகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒரு புதுச் செயல் தானாகவே வரும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு எட்டு மாதத்துக்கு மேலும் ஆகும் என்று கணக்கிட்டார்கள். சித்திரை முதல் நாள் தொடங்கினால் ஆனி முதல் வாரம் வரை பொறுத்திருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. ஒரு நாள் போணி ஆகவில்லை என்று நாம் கடையைக் காலி செய்துவிடுவதில்லை அல்லவா?

பாடம் 5: பையன்களையும் கணக்கில் சேருங்கள்

முதலாளி ஒரு மணிக்குச் சாப்பிட்டு, பையன் நாலு மணிக்குச் சாப்பிட்டால் அது தர்மமும் ஆகாது, சட்டமும் ஆகாது. நம் மாநிலத்தின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இலேயே, நான்கு மணி நேரம் வேலை செய்தவருக்கு ஒரு மணி நேர ஓய்வு, வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை என்று எழுதி வைத்தது. 2021-இல் அதே சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தார்கள். நான் மூன்று முக்காலி வாங்கிப் போட்டேன். ‘பையன்கள் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்’ என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஒரு பாட்டியம்மா வந்து அந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டு நிதானமாகச் சாமான் பட்டியல் சொன்னபோது அந்த எண்ணம் போய்விட்டது.

கடையைச் சாத்தினால் வாடிக்கை போகாதா?

போகும். உண்மையைச் சொல்ல வேண்டும். மதிய நேரம் பாதி ஷட்டர் இறக்கிய முதல் மாதம் எனக்கு வியாபாரம் குறைந்தது. மெஸ் நடத்துகிற ஒருவர் வேறு கடைக்குப் போனார். திரும்பி வரவே இல்லை. மற்றவர்கள் நேரம் தெரிந்துகொண்டு முன்னும் பின்னும் வரப் பழகினார்கள். மருத்துவச் செலவு எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டு, இதனால் லாபம்தான் என்று நிரூபிக்க எனக்குத் தெரியாது. மாத்திரை இன்னும் சாப்பிடுகிறேன். ஆனால் மூன்று மாதச் சராசரி பார்க்கும் சோதனையில் மருத்துவர் முகம் சுளிப்பதில்லை. மகள் இன்று வேலைக்குப் போகிறாள். எந்த ஊரில், எந்தப் பிரிவில், மேலதிகாரி நல்லவரா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மெஸ்காரர் கணக்கை இதோடு நேர் செய்துகொண்டேன்.

இதை எல்லோரும் என்னைப்போலவே செய்ய முடியாது. கடன் நெருக்கடியில் இருப்பவர், தனியாளாகக் கடை நடத்துபவர் ஒரு மணி நேரம் சாத்த முடியாமல் இருக்கலாம். அவர் இருபது நிமிடம் எடுக்கட்டும். கடைவீதியில் சங்கமே கூடிப் பேசி, எல்லோரும் ஒரே நேரத்தில் மதிய இடைவேளை விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசலாம்.

வீட்டுப் பாடம்

புதுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். நடுவில் கோடு போடுங்கள்.

இடப்பக்கம் இருப்பு: இன்றைய தேதியில் இடுப்பு அளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, தூங்கும் நேரம், ஒரு நாளைய டீ எண்ணிக்கை.

வலப்பக்கம் மூன்று கேள்விக்குப் பதில்: கடைசியாக வீட்டாரோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டது எந்தத் தேதி? வயிறு வலிக்கச் சிரித்தது எப்போது, யாரோடு? பிள்ளைகள் இப்போது எதை நினைத்துக் கவலைப்படுகிறார்கள்?

பதில் தெரியாத கேள்விக்கு நேரே ஒன்றும் எழுத வேண்டாம். காலியாகவே விடுங்கள். அந்தக் காலி இடம்தான் இந்த வருடக் கொள்முதல் பட்டியல். அதன் கீழே ஒரே ஒரு பழக்கத்தையும், அதற்கு ஒரு நேரத்தையும் எழுதுங்கள். ஆனி முதல் வாரத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

முதல் பக்கத்தில் ‘லாபம்’ என்று எழுதும் கை, கடைசிப் பக்கத்தையும் எழுதட்டும். அன்பர்கள் அனைவரும் நோயின்றி, வீட்டாரோடு கூடி மகிழ்ந்து, தொழில் சிறக்க வாழ்க!